கிளிப்பிள்ளையின் வரலாறு

மனிதன் தன் இல்லத்தில் இடம் கொடுத்த பறவைகள் ஒரு சிலவே. கோழியை உணவுக்காக வளர்த்தான். புறாவைத் தூதுக்கும் பொழுதுபோக்குக்கும் வளர்த்தான். வல்லூற்றை வேட்டைக்குப் பழக்கினான். இவற்றுள் எந்தப் பயனும் கருதாமல், பேச்சுத் துணை ஒன்றையே கருதி அவன் வளர்த்த பறவைகளுள் தலைமை பெற்றது கிளி.

நாம் வாழும் இந்த ஜபல்பூர் நகரின் பழைய தெருக்களில் நடந்தவர்கள், தாழ்வாரத்தில் தொங்கும் இரும்புக் கூண்டையும், அதனுள்ளிருந்து ‘சீதாராம்’ என்று குரல் கொடுக்கும் பச்சைக்கிளியையும் கண்டிருப்பர். இங்குள்ளோர் அதனை ‘மிட்டூ’ என்று செல்லமாக அழைப்பர். நம் காலனியிலும் அத்தகைய கூண்டுகள் பல இருந்தன. இன்று அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. கிளி வளர்ப்போர் வாயிலிருந்து நாம் கேட்கும் குறையும் ஒன்றே. குஞ்சாக இருந்தபோது தோளில் ஏறி விளையாடியது. வளர்ந்தபின் ஊட்டிய கையையே கொத்துகிறது. அந்தி வந்தால் செவி கிழியக் கத்துகிறது. நன்றி கெட்ட பறவை என்பதே அக்குறை.

இக்குறை நேர்மையானதுதானா? கிளி மனிதனோடு வாழ்ந்த வரலாற்றை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். எங்கள் ரயில்வே இன்ஸ்டிடியூட் நூலகத்திலும் பிறவிடத்தும் பல ஆண்டுகளாகப் படித்துக் குறித்து வைத்தவற்றைச் சங்க அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

பெயரும் பிறப்பும்

கிளி, கிள்ளை, தத்தை என்பன தமிழ்ப் பெயர்கள். சுகம் என்பது வடசொல். மக்கள் வழக்கில் ‘கிளிப்பிள்ளை’ என்றும் சொல்லுவர். தென்னையைத் தென்னம்பிள்ளை என்றும், அணிலை அணிற்பிள்ளை என்றும், கீரியைக் கீரிப்பிள்ளை என்றும் அழைத்த தமிழர், கிளியையும் பிள்ளையாகவே எண்ணினர். இப்பெயரில் அன்பு இருக்கிறது. அதனோடு, அது என்றும் சொன்னபடி கேட்கும் குழந்தையாகவே இருக்கும் என்னும் எதிர்பார்ப்பும் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பே பின்னர் மனத்தாங்கலுக்கு இடமாகிறது.

நம் நாட்டில் கிளியினங்கள் பல உண்டு. கூண்டுகளில் மிகுதியும் காணப்படுவது செந்தார்ப் பைங்கிளி. ஆண் கிளிக்குக் கழுத்தைச் சுற்றிக் கருமையும் இளஞ்சிவப்பும் கலந்த ஆரம் விளங்கும். பெண்ணுக்கு அவ்வாரம் இராது. ஆணுக்கும் அது பிறந்தவுடன் தோன்றுவதன்று. நிறைவாக விளங்க மூன்றாண்டுகள் வரையிற் செல்லும். இதனினும் பருத்து, தோளில் செந்நிறத் திட்டு உடையது பெரிய பைங்கிளி. மேலை நாட்டார் இதனை மாமன்னன் அலெக்ஸாந்தரின் பெயரால் வழங்குகின்றனர். சிறியதாய், ஊதா கலந்த செந்நிறத் தலையுடன் விளங்குவது செந்தலைக்கிளி.

தை பிறந்ததும் கிளிகள் மரப்பொந்துகளைத் தேடத் தொடங்கும். மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்து, பட்டுப்போன கிளையின் துளை, பழங்கட்டடத்துச் சுவரின் ஓட்டை ஆகியவையே அவற்றின் மனைகள். நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாத்தபின் வெளிவரும் குஞ்சு, கண் திறவாது, இறகுமின்றி இருக்கும். ஆறேழு வாரம் பெற்றோர் ஊட்டிய பின்னரே அது பொந்தை விட்டுப் பறக்கும். இந்த ஆறேழு வாரத்துக்குள் மனிதக் கை பொந்தினுள் நுழைந்து குஞ்சைக் கவர்வதே கிளிவளர்ப்பின் தொடக்கம். அன்றும் அதுவே, இன்றும் அதுவே. இதனை வாசகர்கள் நினைவில் நிறுத்துதல் வேண்டும்.

பழந்தமிழரும் கிளியும்

சங்க நூல்களில் கிளி புனத்துப் பகையாகவே மிகுதியும் காணப்படுகிறது. குறிஞ்சி நிலத்தில் தினை முற்றும் காலத்தே, பரண்மீதிருந்து இளமகளிர் கிளி ஓட்டினர். தழல், தட்டை, குளிர் எனக் கிளி கடியும் கருவிகளைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் எண்ணிச் சொல்கிறார். ஐங்குறுநூற்றில் ‘கிள்ளைப்பத்து’ என்று பத்துப் பாடல்களும் பாடியுள்ளார். வள்ளியம்மை தினைப்புனம் காத்த கதையை அறியாத தமிழர் இலர். கிளி வந்தமையால் தலைவி புனத்துக்குச் சென்றாள். புனத்துக்குச் சென்றமையால் தலைவனைக் கண்டாள். ஆதலின் உழவனுக்குப் பகையான பறவை காதலர்க்குத் துணையாயிற்று.

வீட்டுக்கிளியும் அக்காலத்தே இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் உறையும் ஊரில் கிளிகளுக்கு மறையின் ஓசையைப் பயிற்றும் செய்தி வருகிறது. வயலில் விரட்டப்பட்ட அதே பறவை மனையில் மாணவனாக அமர்ந்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

பிற்காலத்தில் கிளி கோயிலுக்குள்ளும் புகுந்தது. மதுரை மீனாட்சியம்மையின் திருக்கரத்தில் கிளி அமர்ந்தது. அவ்வாலயத்தில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் உண்டு. முன்னாளில் அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்து அம்மையின் பெயரைச் சொல்லப் பழக்கினர். இன்று அங்குக் கிளிகள் இல்லை. மண்டபத்துக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆண்டாளின் கையில் விளங்கும் கிளி உயிர்க்கிளி அன்று. மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் பிறவும் கொண்டு நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது அது. ஓர் உயிரையும் கூண்டில் அடைக்காமல், கிளியின் மீதுள்ள காதலையும் விடாமல், நம் முன்னோர் கண்ட வழி இது. இதன் அருமை கட்டுரையின் முடிவில் இன்னும் தெளிவாகும்.

இலக்கியத்திலும் கிளி தூது சென்றது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது அவ்வகையில் புகழ் பெற்றது.

வடமொழியில் ஒரு குஞ்சின் கதை

வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில் கூறப்படும் 64 கலைகளுள், கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கற்பிப்பது ஒரு கலையாக எண்ணப்பட்டது. ஆகவே நகரத்து மாந்தர்க்கு அஃது ஓர் உயர்ந்த பொழுதுபோக்கு.

புத்த ஜாதகக் கதைகளுள் சத்திகும்ப ஜாதகம் என்பது ஒன்று. உடன்பிறந்த கிளிகள் இரண்டு காற்றினால் பிரிந்தன. ஒன்று கள்வரிடத்தும் மற்றொன்று முனிவரிடத்தும் வளர்ந்தன. வழி தவறி வந்த அரசனைக் கண்டதும் கள்வர் கிளி கொல்லும் பேச்சுப் பேசிற்று. முனிவர் கிளி வரவேற்று உபசரித்தது. கிளியின் குணம் வளர்ப்போரின் குணம் என்னும் கொள்கை அத்துணைப் பழமையானது. பேச்சைப் பொறுத்தவரை இக்கொள்கை சரியே. பிறவிக் குணத்தைப் பொறுத்தவரை சரியன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஹர்ஷர் அவையில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் விளங்கிய பாணபட்டரின் காதம்பரி, கையால் வளர்க்கப்பட்ட ஒரு கிளிக்குஞ்சின் வாய்மொழியாகவே நடப்பது. விந்தியக் காட்டில் ஒரு பெரிய இலவமரம். அதன் பொந்துகளில் எண்ணற்ற கிளிகள். வேட்டுவர் கூட்டம் வருகிறது. கிழவேடன் ஒருவன் மரத்தில் ஏறிப் பொந்து பொந்தாகக் கைவிட்டுக் கிளிகளைக் கொன்று கீழே எறிகிறான். தாயில்லாக் குஞ்சொன்றை மூப்படைந்த தந்தைக்கிளி தன் சிறகுக்குள் மறைக்கிறது. தந்தையும் கொல்லப்பட, குஞ்சு சருகின்மீது வீழ்ந்து உயிர் தப்புகிறது. தாகத்தால் தவிக்கும் அதனை ஹாரீதன் என்னும் முனிகுமாரன் எடுத்துச் சென்று, பொய்கை நீரைத் துளித்துளியாக அதன் வாயில் விட்டுக் காக்கிறான்.

இக்கதையைப் படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. பொந்துக்குள் நுழையும் வேடன் கையையும், துளி நீர் வார்க்கும் முனிவன் கையையும் பாணர் அருகருகே வைத்துக் காட்டினார். கிளிவளர்ப்பின் முழு வரலாறும் இவ்விரு கைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

கடல் கடந்த புகழ்

கி.மு. 400ஐ ஒட்டிப் பாரசீக மன்னனுக்கு மருத்துவராக இருந்த தேசியாஸ் என்னும் கிரேக்கர் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் மனிதரைப் போலப் பேசும் இந்தியப் பறவை ஒன்றைக் குறித்தார். அது இந்திய மொழி பேசும் என்றும், கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்றும் அவர் வியந்தார். அவர் கூறும் நிறங்களை நோக்கி, அது நம் செந்தலைக்கிளியே என்று அறிஞர் கருதுவர். இதிலிருந்து கணக்கிட்டால் மேலை நாடுகளில் கிளியின் புகழுக்கு வயது 2400 ஆண்டுகள்.

அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் இந்தப் பறவையைக் குறிப்பிட்டு, மது அருந்தினால் அதன் துடுக்கு மிகும் என்று எழுதினார். அலெக்ஸாந்தரின் கடற்படைத் தலைவனான நியார்க்கஸ் இந்தியாவில் கிளிகளைக் கண்டு பெருவியப்பாக எழுதி வைத்தான். ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்குப் பின் அவன் குறிப்பை எடுத்தாண்ட ஆரியன் என்னும் வரலாற்றாசிரியரோ, கிளிகளைத் தாமே நிறையக் கண்டிருப்பதாகவும் அதனால் அவற்றை விரித்துரைக்கப் போவதில்லை என்றும் கூறிவிட்டார். வியப்புப் பொருள் வீட்டுப் பொருளானமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ரோமில் கிளி செல்வர் வீட்டு அணிகலன். ஓவிட் என்னும் கவிஞர் தம் காதலியின் இந்தியக் கிளி இறந்தமைக்கு இரங்கற்பா பாடினார். ஆனால் அங்கும் கிளியின் குணம் மாறவில்லை என்பதற்கு இருவர் சான்று உள்ளது. முதலாமவர் பிளினி. பச்சை உடலும் கழுத்தில் செவ்வாரமும் உடைய இப்பறவை மன்னரை வாழ்த்தும் என்றார். அதன் தலை அலகைப் போலவே கடினமாதலால், பேசக் கற்பிக்கும்போது இரும்புக் கோலால் தலையில் அடிப்பர் என்றும் எழுதினார். மற்றவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான அபுலேயஸ். கிளிக்கு வசைமொழி கற்பித்துவிட்டால் அது பகலும் இரவும் வசையே பாடும் என்றார். அதனை நிறுத்த அவர் கண்ட வழிகள் இரண்டே. ஒன்று நாவை அறுப்பது. மற்றொன்று அதன் காட்டுக்கே மீண்டும் அனுப்பிவிடுவது.

அடித்து வளர்த்த நாட்டிலும் கிளி அடங்கவில்லை. காட்டுக்கு அனுப்புதலே வழி என்று 1800 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விளையாட்டாகவேனும் சொல்லி வைத்தார்.

பாபர் கேட்ட கதை

வடமொழிச் சுகசப்ததியில் ஒரு கிளி 70 கதைகள் சொல்லும். அதனைத் தழுவி, வட இந்தியாவில் வாழ்ந்த ஸியாவுத்தீன் நக்ஷபி 14ஆம் நூற்றாண்டில் தூதிநாமா என்னும் பாரசீக நூலை இயற்றினார். அதில் 52 இரவுகளில் கிளி கதை சொல்லித் தலைவியை வீட்டிலேயே நிறுத்தி வைக்கும். அக்பரின் ஓவியர்கள் அந்நூலை அழகிய ஓவியங்களோடு படைத்தனர்.

நாம் வாழும் நடுநாட்டுக்கு அண்மையதான அவதி மொழியில், மலிக் முகம்மது ஜாயஸி 1540இல் பத்மாவத் காவியத்தைத் தொடங்கினார். அதில் சிங்கள இளவரசி பத்மாவதியின் கிளி ஹீராமன் பெரும் பண்டிதன். அரசன் சினத்துக்கு அஞ்சிப் பறந்தோடுகிறது, வேடன் வலையில் அகப்படுகிறது, சந்தையில் விலையாகிறது, கைமாறிச் சித்தூர் மன்னனிடம் சேருகிறது. அரண்மனைக் கிளியும் ஒரு நாள் சந்தைச் சரக்கே என்பதைக் காவியமே மறைக்கவில்லை.

பாபர் தம் வாழ்க்கைக் குறிப்பில் இந்நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் நுணுக்கமாக எழுதினார். கிளி, கற்பித்ததையன்றி வேறு சொல்லாது என்றே அவர் எண்ணியிருந்தார். அவருடைய அணுக்கர் ஒருவர் வேறு செய்தி கூறினார். கூண்டைத் துணியால் மூடியபோது, மூச்சு முட்டுகிறது, முகத்தைத் திறந்துவிடு என்று கிளி சொல்லிற்றாம். இன்னொரு முறை, கூண்டைச் சுமந்தவர்கள் இளைப்பாற அமர்ந்தபோது, மற்றவர்கள் போகிறார்களே, நாம் போகவில்லையா என்று கேட்டதாம். பாபர் இதனை அப்படியே எழுதிவிட்டு, உண்மைக்குப் பொறுப்பு சொன்னவரையே சாரும், தம் செவியால் கேட்டாலன்றி நம்புதல் அரிது என்றும் சேர்த்தார். செந்நிறக் கிளி ஒன்றின் அழகைப் புகழ்ந்த அவர், அதன் குரல் மட்டும் செப்புத் தட்டின்மேல் உடைந்த பீங்கானைத் தேய்ப்பது போன்றது என்று நொந்துகொண்டார். கிளி வளர்த்த எவரும் இவ்வுவமையை ஒப்புக்கொள்வர்.

கையால் வளர்க்கும் முறையும் பின் விளைவும்

அரண்மனையாயினும் குடிசையாயினும் குஞ்சு வளர்க்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. இப்பகுதிகளில் கடலை மாவையோ சத்துமாவையோ வெந்நீரில் குழைத்து, விரல் நுனியாலோ மடித்த இலையாலோ ஊட்டுவர். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டல் வேண்டும். சூடு மிகுந்தால் தொண்டைப்பை வெந்துவிடும். ஆறிவிட்டால் உணவு செரியாமல் தேங்கும். அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் ஏறிவிடும். இரவில் கதகதப்பு வேண்டும். இவ்வாறு பிழைக்காமற் போன குஞ்சுகளை எந்தக் காவியமும் பாடவில்லை.

1989இல் வீசிய புயற்காற்றில் எங்கள் குவார்ட்டர்ஸ் எதிரே நின்ற அரசமரத்துப் பட்டுப்போன கிளை முறிந்து, பாதி இறகு முளைத்த குஞ்சொன்று வீழ்ந்தது. என் அன்னையார் அதனை இவ்வாறே ஊட்டி வளர்த்தார். ‘முத்து’ என்று பெயரிட்டோம். ஐந்து மாதம் வரை எவர் தோளிலும் ஏறும். எவர் தட்டிலும் உண்ணும். பிறகு அதன் போக்கு மாறியது. கண்மணியைச் சுருக்கி விரித்துச் சீறும். அன்னையார் ஒருவரைத் தவிர எவர் விரலையும் விட்டுவைக்காது. தந்தையார் அன்னையாரோடு உரக்கப் பேசினால் கூண்டுக் கம்பியைக் கடித்து ஆரவாரம் செய்யும். மூன்றாண்டு கழிந்தும் ஆரம் தோன்றாமையால் முத்து பெண் என்று தெரிந்தது. குக்கரின் சீழ்க்கையையும், கார்டின் விசிலையும், வாசலில் யார் என்று தமிழில் கேட்கும் அன்னையாரின் குரலையும் அது பிசகாமல் எடுத்தது. காய்கறிக்காரி அக்கேள்விக்கு ஹிந்தியில் விடை சொல்லிவிட்டு நெடுநேரம் வாசலில் நிற்பாள்.

முத்து 17 ஆண்டுகள் இருந்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் தஞ்சையில் நடந்த உறவினர் திருமணங்கள் பலவற்றுக்கு அன்னையார் செல்லவில்லை. பிறர் கையில் அது உண்ண மறுத்ததே காரணம். மாற்றலும் ஓய்வும் உடைய ரயில்வே குடும்பத்தில், இருபது முப்பது ஆண்டு வாழவல்ல ஒரு பறவை எத்தகைய பொறுப்பு என்பதை நம் தாய்மார்கள் எளிதில் உணர்வர்.

இக்குணங்கள் யாவும் கெட்ட வளர்ப்பால் வந்தனவல்ல. காட்டில் இளங்கிளி அரையாண்டுப் பருவத்தில் பெற்றோரை விட்டுக் கூட்டத்தில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். சீறலும் கொத்தலும் அக்கூட்டத்தின் மொழி. இவ்வினத்தில் பெண்ணே ஆட்சி செய்யும். ஆண் சற்று எட்டியே நிற்கும். கையால் வளர்ந்த கிளியோ மனிதரையே தன் இனமாக எண்ணி, அவருள் ஒருவரைத் தன் இணையாகக் கொண்டு, மற்றவரை எல்லாம் போட்டியாளராகக் கருதும். அந்திக் கூச்சலும் அவ்வாறே. நம் ஸ்டேஷன் யார்டுக்கு மேலே மாலைதோறும் கிளிக்கூட்டங்கள் ஆரவாரத்துடன் அடையும் மரத்துக்குத் திரும்புவதை நாம் காண்கிறோம். அதே வேளையில்தான் கூண்டுக்கிளியும் கத்துகிறது. தன் கூட்டத்தார் அழைப்புக்கு அது விடை கூறுகிறது.

ஏன் பழகவில்லை?

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கோழியும் புறாவும் மனிதனிடம் பல்லாயிரம் தலைமுறை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. சாதுவானவற்றையே மனிதன் தேர்ந்து இனம் பெருக்கினான். அதனால் அவற்றின் இயல்பே மாறிற்று. கிளியை நம் நாட்டார் அவ்வாறு பெருக்கவில்லை. ஒன்று இறந்தால் பொந்திலிருந்து மற்றொன்று வந்தது. ஆகவே நம் கூண்டுகளில் ஒவ்வொரு கிளியும் முதல் தலைமுறைக் கிளி. 2400 ஆண்டுப் பழக்கம் மனிதனுக்குத்தான், கிளிக்கு அன்று.

இதற்கு மாறான சான்று ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நம் கடைகளில் விற்கும் பட்ஜிரிகர். ஆஸ்திரேலியக் காட்டுப்பறவையான அதனை ஜான் கௌல்டு என்பவர் 1840இல் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். இருநூறு ஆண்டுக்குள் கூண்டிலேயே பெருகி, மஞ்சள், நீலம், வெள்ளை எனப் பல நிறம் பெற்று, அது வீட்டுப் பறவையாகிவிட்டது.

நம் செந்தார்ப் பைங்கிளியின் காட்டியல்பு குன்றவில்லை என்பதற்கு லண்டன் மாநகரே சாட்சி. கூண்டிலிருந்து தப்பிய கிளிகள் இங்கிலாந்தில் மரப்பொந்துகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது 1969 முதல் பதிவாகி வருகிறது. இன்று அந்நகரப் பூங்காக்களில் ஆயிரக்கணக்கான கிளிகள் பனிக்காலத்தையும் தாங்கி வாழ்கின்றன. பிழைக்க வந்த ஊரில் வேரூன்றியும் தன் குரலை மாற்றிக்கொள்ளாத அப்பறவையைப் பற்றிக் கேட்கும்போது, ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு ஒரு புன்னகை தோன்றாமற் போகாது.

சட்டமும் நம் கடமையும்

1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1991இல் செய்த திருத்தத்தால் கட்டுப்பாடு இறுகி, நம் நாட்டுக் காட்டுப் பறவைகளின் வாணிபம் சட்டத்துக்குப் புறம்பாயிற்று. 2022இன் திருத்தத்தில் செந்தார்ப் பைங்கிளி இரண்டாம் அட்டவணையில் இடம் பெற்றது. அதனைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டில் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றங்கள். 2023இல் தமிழகத்தில் வனத்துறையினர், வீட்டில் உள்ள கிளிகளை ஒப்படைக்குமாறு பொதுமக்களுக்கு அறிவிப்பு விடுத்தனர். ‘எங்கள் பாட்டன் காலத்து வழக்கம்’ என்னும் விடை சட்டத்தின்முன் செல்லாது.

ஆயினும் கூண்டைத் திறந்து கிளியைப் பறக்கவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுதல் கூடாது. கையால் வளர்ந்த கிளி இரை தேடவும் பருந்துக்கு ஒளியவும் அறியாது. சிறகு கத்தரிக்கப்பட்டதாயின் முதல் நாளே பூனைக்கு இரையாகும். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தது போல என்னும் பழமொழி அன்று மெய்யாகிவிடும். வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை.

கோடையில் குஞ்சு வீழ்ந்து கிடக்கக் கண்டால் செய்யத் தக்கதும் உண்டு. இறகு நிறைந்த குஞ்சாயின் அது பறக்கப் பழகுவதாக இருக்கலாம். பூனை எட்டாத கிளையில் அமர்த்திவிட்டு விலகி நின்றால் பெற்றோர் வந்து ஊட்டும். இறகில்லாக் குஞ்சாயின், பொந்து எட்டுமானால் மீண்டும் அதனுள் வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது வெறும் நம்பிக்கை. காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றினும் பெரிய கடமை ஒன்று உண்டு. மழைக்கு முன் கிளை வெட்ட ஆட்கள் வரும்போது, பட்டமரம் என்று பொந்துள்ள அடிமரங்களையும் சேர்த்து வெட்டிவிடச் சொல்வது நம் வழக்கமாக இருக்கிறது. வீட்டின் மேலோ, வழியின் மேலோ விழும் அச்சமில்லாத மரங்களை விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்வதில் நமக்கு ஒரு குறைவும் நேராது. தை முதல் சித்திரை வரை அவையே கிளிகளின் குடியிருப்பு. மொட்டை மாடியில் ஒரு மண்சட்டி நீரும், முற்றத்தில் ஒரு கொய்யாமரமும் இருக்குமாயின், நம் பிள்ளைகள் கூண்டில்லாமலே கிளியைக் காண்பர். அவை கொய்யாவில் பாதியைக் கடித்துப் பாதியைச் சிந்தும். குட்ஷெட்டில் சிந்திய கோதுமையைப் பங்கு கேட்கும். அதுவும் அவற்றின் குணமே.

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தேசியாஸ் முதல் பாபர் வரை எத்தனையோ பேர் எத்தனையோ மொழிகளைக் கிளிக்குக் கற்பித்தனர். அது எல்லாவற்றையும் கற்றது. அந்தி வேளையில் தன் கூட்டத்தை அழைக்கும் குரலை மட்டும் எவராலும் மறக்கச் செய்ய முடியவில்லை.